இரவில் பிளக் எங்கே? பிளக்-இன் ஹைப்ரிடும் முழு மின்காரும்

பிளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினோடு, வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உள்ள கார்) எடுக்கலாமா, முழு மின்காராகவே போய்விடலாமா என்று குழம்பி நிற்பவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான். இரவில் கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா?

பேட்டரி அளவு, ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்), விலை எல்லாம் அதற்குப் பிறகு. காரணம், இந்த விஷயத்தில் பலருடைய நம்பிக்கை தலைகீழாக இருக்கிறது. "வீட்டில் சார்ஜ் பண்ண வசதியில்லை, அதனால்தான் பிளக்-இன் ஹைப்ரிட் எடுக்கிறேன்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றும், கணக்குப் போட்டால் நிற்காது. நாளுக்கு 40 கி.மீ. ஓட்டும் ஒருவர் 60 யூனிட் பேட்டரி உள்ள மின்கார் வைத்திருந்தால் வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும். அதே ஆளிடம் 15 யூனிட் பேட்டரியோடு பிளக்-இன் ஹைப்ரிட் இருந்தால் ஒவ்வோர் இரவும் ஒயரைச் செருகியாக வேண்டும். பிளக்கை அதிகம் நம்பி வாழ்வது ஹைப்ரிட்தான். (யூனிட் என்று நான் சொல்வது கிலோவாட்-மணி, மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்.)

செருகாவிட்டால் என்ன ஆகும்? கார் ஓடும், நிற்காது. ஆனால் பெரிய பேட்டரியையும் சார்ஜரையும் கனமான ஒயரிங்கையும் சுமந்துகொண்டு, சாதாரண ஹைப்ரிடைவிடக் கூடுதல் எடையோடு, பெட்ரோலில் ஓடும். எந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுத்தோமோ அந்த வசதியே சுமையாகிவிடும். அப்படி ஓட்டப்போகிறவருக்குப் பிளக் இல்லாத சாதாரண ஹைப்ரிடே மேல். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இது ஊகமல்ல, அளந்து பார்த்த விஷயம். ஐரோப்பாவில் 2021 முதல் புதிய கார்கள் தாங்கள் உண்மையில் குடிக்கும் எரிபொருளைத் தமக்குள்ளேயே பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று விதி. அந்தப் பதிவுகளைச் சேகரித்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் வெளியிடும் கார்பன் டையாக்சைடு, ஆய்வகச் சான்றிதழில் உள்ளதைப்போலச் சராசரியாக 3.5 மடங்கு. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களில் இந்த இடைவெளி ஏறக்குறைய 20 சதவீதம்தான். காரின் என்ஜினில் மோசடி ஏதுமில்லை. இத்தனை கிலோமீட்டர் மின்சாரத்தில் போவார்கள் என்று சான்றிதழ்ச் சூத்திரம் ஊகித்தது. மக்கள் அந்த அளவு சார்ஜ் செய்யவில்லை. நிறுவனம் கொடுத்த காரை, நிறுவனம் கொடுத்த பெட்ரோல் கார்டோடு ஓட்டுகிறவர் ஏன் தன் வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் போடப்போகிறார்? 2025 முதல் புதிய மாடல்களுக்கு அந்த ஊகத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால் அதே கார், அதே பேட்டரி, சான்றிதழில் மட்டும் கூடுதல் எண் என்ற நிலை வந்திருக்கிறது. விளம்பரத்தில் "நூறு கி.மீ.க்கு ஒரு லிட்டர்" என்று பார்த்தால் அதை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உங்கள் கணக்கை நீங்களே போடலாம். நான்கு வாரம், தினமும் இரவு ஓடோமீட்டரைக் குறித்து வையுங்கள். சராசரி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஓர் உதாரணம்: 28 நாளில் 20 நாள் தலா 45 கி.மீ., 6 நாள் தலா 15 கி.மீ., 2 நாள் தலா 300 கி.மீ. மொத்தம் 1,590 கி.மீ. உண்மையில் 60 கி.மீ. மின்சாரத்தில் ஓடும் ஹைப்ரிடைத் தினமும் சார்ஜ் செய்தால், குறுகிய நாள்களின் 990 கி.மீ. முழுக்க மின்சாரம். நீண்ட நாள்களில் தலா 60. ஆக 1,110 கி.மீ., அதாவது 70 சதவீதம். மீதி 480 கி.மீ.க்கு, நூறுக்கு 6.5 லிட்டர் என்றால் ஏறக்குறைய 31 லிட்டர் பெட்ரோல். நல்ல கணக்குதான்.

இனி அதே ஆள் வேலை நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஒயரைச் செருகுகிறார் என்று வையுங்கள். முதல் நாள் 45 கி.மீ. மின்சாரம். மறுநாள் மிச்சமிருக்கும் 15 மட்டும் மின்சாரம், 30 பெட்ரோல். 900 கி.மீ.யில் 300 கி.மீ. என்ஜினுக்குப் போய்விடும். மின்சாரப் பங்கு 51 சதவீதத்துக்கு இறங்கும், பெட்ரோல் 51 லிட்டருக்கு ஏறும். சோம்பலின் விலை 20 லிட்டர்! 60 யூனிட் மின்காரில் ஒருநாள் விட்டு ஒருநாள் செருகினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த இரண்டு நீண்ட நாள்களில் மட்டும் வழியில் ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கும்.

செலவுக் கணக்கில் பலர் தவறவிடும் எண் ஒன்று இருக்கிறது. ஹைப்ரிட் மின்சாரத்தில் ஓடும்போது சார்ஜிங் இழப்பும் சேர்த்து நூறு கி.மீ.க்குச் சுமார் 22 யூனிட் எடுக்கும். பேட்டரி தீர்ந்தபின் சுமார் 6 லிட்டர். ஆறை இருபத்திரண்டால் வகுத்தால் 0.27. ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் கால்வாசியைத் தாண்டினால், பிளக்-இன் ஹைப்ரிடை மின்சாரத்தில் ஓட்டுவதால் பணம் மிச்சமாகாது. வீட்டு மின்சாரம் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும். பொதுச் சார்ஜர்களில் பல அதைத் தாண்டிவிடும். பொதுச் சார்ஜரை மட்டுமே நம்பி ஹைப்ரிட் வாங்குகிறவர், கையில் கால்குலேட்டரோடு அந்தச் சார்ஜரின் கட்டணப் பலகையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

சாதாரண வீட்டு பிளக் போதுமா என்ற பயம் மின்கார் பக்கம் அதிகம். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். இரவு 10 மணி நேரம் போட்டால் 23 யூனிட். காரின் கணினியும் குளிர்விப்புப் பம்பும் சார்ஜ் நேரம் முழுக்க விழித்திருந்து கொஞ்சம் தின்னும். மெதுவான சார்ஜில் அந்த இழப்பு 15 சதவீதத்தைத் தொடும். போனது போக 19 யூனிட்டுக்கு மேல் பேட்டரியில் சேரும். அது 110 கி.மீ. ஓட்டம். நாளுக்கு 110 கி.மீ. ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? 120 வோல்ட் நாடுகளில் 12 ஆம்பியருக்கு 1.4 கிலோவாட்தான் வரும். அங்கே தனிச் சார்ஜர் பொருத்துவதில் அர்த்தம் இருக்கிறது. இன்னொன்று: பல ஹைப்ரிட்களில் காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்டைத் தாண்டி வாங்காது. அதற்கு 7.4 கிலோவாட் சுவர்ப்பெட்டி (சுவரில் மாட்டும் தனிச் சார்ஜர்) மாட்டினால் கூடுதல் காசுதான் வீண், 3.3 கிலோவாட் தரும் பெட்டியைவிட ஒரு நிமிடம்கூடக் குறையாது.

ஆனால் அந்த பிளக் பாயின்ட் நல்லதாக இருக்க வேண்டும். இஸ்திரிப்பெட்டி பத்து நிமிடம் இழுக்கும் கரண்டை கார் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கிறது. சாக்கெட்டுக்குள் பிடிமானம் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் சூடேறி பிளாஸ்டிக் கருகும். முதல் வாரம், சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டுச் சாக்கெட்டை மாற்ற வேண்டும். மீட்டர் பலகையிலிருந்து காருக்கென்று தனி ஒயர் வரட்டும்: 16 ஆம்பியருக்குக் குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு, 32 ஆம்பியருக்கு 6 சதுர மி.மீ.; தூரம் அதிகமென்றால் இன்னும் தடிமன். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜ் எடுக்க மறுக்கும். அது காரின் கோளாறல்ல, வீட்டு ஒயரிங் தரும் எச்சரிக்கை. எர்த் இருப்பதுபோல் ஏமாற்ற ஜம்பர் போடுவது உயிரோடு விளையாட்டு.

இனி பேட்டரிக்குள் போவோம். இரண்டு கார்களுக்கும் உண்மையான வேறுபாடு அங்கேதான். 15 யூனிட் பேட்டரி 80 கிலோவாட் மோட்டாருக்குத் தீனி போட வேண்டும் என்றால் தன் கொள்ளளவைப்போல ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் மின்சாரத்தைக் கொட்ட வேண்டும். 60 யூனிட் பேட்டரிக்கு 150 கிலோவாட் மோட்டார் என்றாலும் அது இரண்டரை மடங்குதான். அதுபோக, ஹைப்ரிட் பேட்டரி தினமும் முழுதாக நிரம்பி முழுதாகக் காலியாகிறது. வருடத்துக்கு 300 முழுச் சுற்று சர்வசாதாரணம். நாளுக்கு 40 கி.மீ. ஓடும் மின்காரில் அதே ஒரு வருடத்தில் 40 முதல் 45 முழுச் சுற்றுதான் ஆகும். சின்ன மாடு, பெரிய ஏர்.

இதைச் சமாளிக்கத்தான் ஹைப்ரிட் தயாரிப்பாளர்கள் பேட்டரியின் மேலும் கீழும் நிறைய இடம் ஒதுக்கி வைக்கிறார்கள். 2010 டிசம்பரில், ஒரே மாதத்தில், இரண்டு வழிகளின் முன்னோடிகளும் வாடிக்கையாளர் கைக்கு வந்தன: முழு மின்காரான நிஸான் லீஃப் 24 யூனிட்டோடு, செவ்ரோலே வோல்ட் 16 யூனிட்டோடு. வோல்ட் அந்த 16-இல் ஏறக்குறைய 10 யூனிட்டை மட்டுமே ஓட்டுநருக்குத் தந்தது, பேட்டரியைத் திரவத்தால் குளிர்வித்தது. லீஃபில் திரவக் குளிர்விப்பு இல்லை. வெப்பம் மிகுந்த இடங்களில் ஆரம்பகால லீஃப்கள் சில ஆண்டுகளிலேயே கொள்ளளவை இழந்தன. அதிகச் சுற்று ஓடிய வோல்ட் பேட்டரிகள் அதைவிட நன்றாகத் தாங்கின. ஆகவே ஹைப்ரிட் பேட்டரி சீக்கிரம் சாகும், மின்கார் பேட்டரி நிலைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. குளிர்விப்பு எப்படி, ஒதுக்கீடு எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். விவரப்பட்டியலில் மொத்தக் கொள்ளளவு, பயன்படும் கொள்ளளவு என்று இரண்டு எண் கொடுத்திருந்தால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேதியியலையும் பாருங்கள். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த பேட்டரிக்குத் தினசரி உச்சவரம்பை 80 சதவீதத்தில் வைப்பது நல்லது, நூறு என்பது பயணத்துக்கு முந்தைய இரவுக்கு மட்டும். இரும்பு-பாஸ்பேட் வகையில் மின்னழுத்தம் நெடுக ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதால் மிச்ச சார்ஜைக் கணினியால் துல்லியமாகக் கணிக்க முடியாது. அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது நூறு வரை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றாமலே விட்டால் 15 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த கார் திடீரென்று 4-க்கு விழுவதும் உண்டு.

ஹைப்ரிடில் பேட்டரியைவிட எனக்குக் கவலை தருவது தூங்கும் என்ஜின்தான். நன்றாகச் சார்ஜ் செய்து ஓட்டுகிறவரின் காரில் என்ஜின் வாரக்கணக்கில் அசையாது. பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்ததும், ஆயில் சூடாவதற்கு முன்பே முழுச் சுமையோடு எழும். குளிர்ந்த என்ஜினுக்குள் கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். இரண்டு நிமிடத்தில் என்ஜின் மறுபடி அணைந்துவிட்டால் அந்தப் பெட்ரோலும், எரிந்தபோது உண்டான நீரும் ஆவியாக வழியில்லை. மாதக்கணக்கில் இப்படியே போனால் ஆயில் நீர்த்துப்போகும், அளவுகோலில் மட்டம் ஏறும், முகர்ந்தால் பெட்ரோல் வாசம் அடிக்கும். ஆயில் மட்டம் குறைவதைப் பார்த்தே பழகிய நமக்கு அது ஏறுவது ஆபத்து என்று தோன்றாது. ஆபத்துதான். உடனே மாற்ற வேண்டும்.

தடுக்க வழி எளிது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பேட்டரியைப் பிடித்து வைக்கும் ஹோல்ட் மோடில் போட்டு, என்ஜினை அரைமணி நேரம் ஒரே சீராக ஓடவிடுங்கள். கூலன்ட் ஐந்தாறு நிமிடத்தில் சூடாகிவிடும், ஆயிலுக்கு அதைவிட நெடுநேரம் வேண்டும். ஆயில் மாற்றத்துக்குக் கிலோமீட்டரைப் பார்க்காமல் காலண்டரைப் பார்க்க வேண்டும்; வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். பெட்ரோலும் பழசாகும். டேங்கை மூன்றில் ஒரு பங்கு மட்டும் வைத்துக்கொண்டு அவ்வப்போது புதிதாகச் சேர்ப்பது, முழு டேங்கை ஒரு வருடம் சுமப்பதைவிட நல்லது. வோல்ட் இதைத் தானே கவனித்துக்கொண்டது: ஆறு வாரம் என்ஜின் ஓடவில்லை என்றால் தானாகக் கொஞ்ச நேரம் ஓட்டும், டேங்கில் உள்ள பெட்ரோலின் வயது ஒரு வருடத்தை நெருங்கினால் அதை எரித்துத் தீர்க்கும். பல பிளக்-இன் ஹைப்ரிட்களில் டேங்க் அழுத்தத்தோடு மூடியே இருக்கும். பெட்ரோல் போடுமுன் பட்டனை அழுத்திச் சில விநாடி பொறுக்க வேண்டும். பொறுமையில்லாமல் மூடியோடு மல்லுக்கட்டி உடைத்தால் செலவுதான்.

மின்காரில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. பிரேக் திரவம், கூலன்ட், கேபின் ஃபில்டர், கியர் குறைப்பான் ஆயில், டயர் என்று பராமரிப்புப் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும். படுத்தும் விஷயங்கள் சில உண்டு. 12 வோல்ட் பேட்டரி செத்தால் 60 யூனிட் நிரம்பியிருந்தும் கார் எழாது, ஏனென்றால் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயை இழுப்பதே அந்தச் சின்ன பேட்டரிதான். இது ஹைப்ரிடுக்கும் பொருந்தும். ஐந்தாவது வருடத்தில் அதைச் சோதிக்கத் தவறாதீர்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் டிஸ்க் வேலையில்லாமல் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி இல்லாத இடத்தில் நியூட்ரலில் போட்டு இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தினால் டிஸ்க் சுத்தமாகும். டயர் மாற்றும்போது சுமைக் குறியீட்டை (டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்) குறைத்து வாங்கக் கூடாது, காரின் எடை அதிகம்.

ஹைப்ரிட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு மோட்டாரைச் செருகிய வகையில் கிளட்ச், கியர்பாக்ஸ், என்ஜின், மோட்டார் அத்தனையும் இருக்கும். பழுதாகக்கூடிய பாகங்களும் அத்தனை. கோள்வகைப் பற்சக்கரத்தால் சக்தியைப் பிரிக்கும் டொயோட்டா முறையில் மாற்றும் கியரே இல்லை, அந்த முறைக்கு நெடுங்காலம் உழைத்த நற்பெயரும் உண்டு. மூன்றாவது வகையில் என்ஜின் ஜெனரேட்டர் மட்டும்தான், சக்கரத்தை மோட்டாரே சுற்றும். பி.எம்.டபிள்யூ. ஐ3-இல் விருப்பத்துக்குச் சேர்த்துக்கொள்ளும்படி 650 சி.சி. என்ஜின் அப்படித்தான் வந்தது. எந்த வகை என்று கேட்காமல் வாங்காதீர்கள். கடுங்குளிரில் கேபினைச் சூடாக்க என்ஜினை எழுப்பும் கார் எது, குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்திருக்கும் கார் எது என்றும் கேளுங்கள். குளிர்ப்பிரதேசத்தில் இந்த ஒரு விஷயமே மின்சாரப் பங்கைப் பாதியாக்கிவிடும்.

நீண்ட பயணத்தில் ஹைப்ரிட் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மின்காரின் சிரமத்தைக் கணக்கோடு பார்க்க வேண்டும். நகரத்தில் நூறுக்கு 16 யூனிட் எடுக்கும் கார், 120 கி.மீ. வேகத்தில் 21 எடுக்கும், காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால். 60 யூனிட் பேட்டரியில் முதல் கட்டம் 100 சதவீத சார்ஜிலிருந்து 10 வரை, ஏறக்குறைய 255 கி.மீ. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டமும் 80-லிருந்து 10 வரை, அதாவது 200 கி.மீ. எண்பதுக்கு மேல் சார்ஜ் வேகம் சரிந்துவிடும் என்பதால் அங்கே காத்திருப்பது நேர விரயம். 10-லிருந்து 80-க்கு ஏற, காரைப் பொறுத்து 20 முதல் 40 நிமிடம். 800 வோல்ட் அமைப்புள்ள ஹூண்டாய் ஐயோனிக் 5, தகுந்த சார்ஜர் கிடைத்தால் 18 நிமிடத்தில் முடித்துவிடும். நீங்கள் அடிக்கடி போகும் வழியில் 150 கி.மீ.க்கு ஒன்றாவது, ஒன்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளோடு (காரில் செருகும் சார்ஜிங் கைப்பிடிகளோடு) வேகச் சார்ஜர் இருந்தால் மின்காருக்குத் தடையில்லை. ஒரே ஒரு துப்பாக்கி உள்ள இடத்தை நம்பித் திட்டமிடக் கூடாது.

ஹைப்ரிடில் நீண்ட பயணம் போகிறவர்கள் பலரும் செய்யும் தவறு, முதல் 60 கி.மீ.யிலேயே பேட்டரியைத் தீர்த்துவிடுவது. நெடுஞ்சாலையின் சீரான வேகத்தில் என்ஜினின் திறன் நன்றாக இருக்கும். அங்கே ஹோல்ட் போட்டுவிட்டு, பேட்டரியைப் போய்ச் சேரும் ஊரின் நெரிசலுக்கு மிச்சம் பிடியுங்கள். மலையேற்றம் இருந்தால் அடிவாரத்தில் 30 சதவீதமாவது வேண்டும். பேட்டரி காலியானால் சின்ன என்ஜின் தனியாக அலறிக்கொண்டு ஏறும். என்ஜினால் பேட்டரியை நிரப்பும் சார்ஜ் மோடை, எரிபொருள் கார் நுழையக் கூடாத பகுதிக்குள் போக வேண்டியிருந்தால் தவிர, தொடாதீர்கள். பெட்ரோலை மின்சாரமாக்கி, அதை வேதிச் சக்தியாக்கி, மறுபடி மின்சாரமாக்கினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தும்.

ஆக யாருக்கு ஹைப்ரிட் என்றால், என் பார்வையில் வட்டம் சிறியது: இரவில் பிளக் உண்டு, தினசரி ஓட்டம் மின்சாரத்தில் அடங்கும், அதோடு அடிக்கடி சார்ஜர் இல்லாத திசையில் நெடுந்தூரம் போகவோ டிரெய்லர் இழுக்கவோ வேண்டும். டிரெய்லர் கட்டினால் மின்காரின் ரேஞ்ச் ஏறத்தாழப் பாதியாகும், சார்ஜர் முன்னால் வண்டியைத் திருப்பவும் இடமிருக்காது. இவை இல்லாமல் பிளக் மட்டும் இருந்தால் மின்கார். பிளக் இல்லை, ஆனால் வாரம் ஒருமுறை போகும் இடத்தில் சகாய விலையில் வேகச் சார்ஜர் இருக்கிறது என்றாலும் மின்கார்தான். இரண்டுமே இல்லாதவருக்குச் சாதாரண ஹைப்ரிட். ஒரு மின்காரின் பேட்டரிக்கான மூலப்பொருளில் ஆறு பிளக்-இன் ஹைப்ரிட் செய்யலாம் என்று டொயோட்டா வாதிடுகிறது. எண்ணிக்கை பேட்டரி அளவைப் பொறுத்தது. அந்த ஆறு பேரும் தினமும் ஒயரைச் செருகினால்தான் அந்த வாதத்துக்கு உயிர்.

பழைய பிளக்-இன் ஹைப்ரிட் வாங்குகிறவர்கள், விற்பவரிடம் முந்தைய இரவே முழுதாகச் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ஏ.சி.யை மிதமாக வைத்து, 60 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், என்ஜின் தானாக எழும் வரை ஓட்டுங்கள். ஓடிய தூரத்தைப் புதிய காரின் அறிவிக்கப்பட்ட மின் ரேஞ்சோடு ஒப்பிடுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் பேட்டரியின் வயதை விலையில் கழிக்க வேண்டும். பேட்டரி உத்தரவாதம் பல நிறுவனங்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; எது முதலில் வருகிறதோ அது. எத்தனை மாதம் மிச்சம், அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள். என்ஜின் எழுந்தபின் இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவுகோலை உருவி மட்டத்தையும் வாசனையையும் பாருங்கள். கடைசியாக, காரோடு வந்த சார்ஜிங் ஒயரைக் கேளுங்கள். அது பிளாஸ்டிக் உறையோடு, மடிப்புக் கலையாமல் டிக்கியின் அடியில் கிடந்தால், அந்தக் காரின் கிலோமீட்டர் முழுவதும் என்ஜின் ஓடிய கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.